ஒற்றை ஆணி

பாறை என்றால் உடைப்பதற்கே என்று எண்ணி வளர்ந்தவன் நான். என் தந்தை கல் உடைக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நானே. பாறைக்கு ஊறு செய்யாமல் ஏறிய ஒருவரின் வரலாறு என் உள்ளத்தைத் தொட்டதில் வியப்பில்லை.

அவர் ஃபிரிட்ஸ் வீஸ்னர். 1900இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். அந்நகருக்குத் தென்கிழக்கே எல்ப் நதிப் பள்ளத்தாக்கில், கோயில் கோபுரங்களைப் போல் தனித்து நிற்கும் மணற்பாறைகள் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. மணற்பாறை மென்மையானது. இரும்பு பட்டால் தேயும். மழையில் நனைந்தால் வலுவிழக்கும். ஆகவே, 1913இலேயே ருடால்ஃப் ஃபெர்மான் என்பவர் ஏறுவோருக்கான விதிகளை அச்சில் வெளியிட்டார். கையாலும் காலாலும் மட்டுமே ஏற வேண்டும். பாறையில் பதித்த வளையம் விழுபவரைக் காக்கவே அன்றி, பிடித்து ஏறுவதற்கு அன்று. இப்பள்ளத்தாக்கே வீஸ்னரின் பள்ளிக்கூடம்.

வேதியியல் பயின்ற அவர் 1929இல் அமெரிக்கா சென்றார். பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு தயாரித்து விற்றார். 1937இல் வயோமிங் மாநிலத்தின் டெவில்ஸ் டவர் என்னும் செங்குத்துப் பாறையில் இரு நண்பர்களுடன் ஏறினார். 1893இல் அதன் வெடிப்பில் மரக்கட்டைகளை அறைந்து, ஏணி கட்டி ஏறியிருந்தார்கள். வீஸ்னரோ கைகளையும் கால்களையுமே நம்பினார். வழியில் பாதுகாப்புக்காக ஓர் ஆணி அடித்தார். அது தேவையில்லாதது என்று பிற்காலத்தில் அவரே வருந்தினார். உலகம் பாராட்டிய வெற்றியில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது அந்த ஒற்றை ஆணிதான்!

1939 ஜூலையில் உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கே-2இல், பிராணவாயுக் கருவி இல்லாமல் உச்சியை நெருங்கினார். எஞ்சியது 300 மீட்டருக்கும் குறைவு. மாலை மங்கியது. உடன் வந்த பாசாங் தாவா லாமா இரவில் ஏற மறுத்தார். துணைவரை விட்டுவிட்டுத் தனியே போக வீஸ்னருக்கு மனம் வரவில்லை, இருவரும் திரும்பினர். மீண்டும் முயன்றும் பலிக்கவில்லை. அப்பயணத்தில் டட்லி உல்ஃபும், அவரை மீட்கச் சென்ற மூன்று ஷெர்பாக்களும் மாண்டனர். தலைவர் என்ற முறையில் பழி வீஸ்னரைச் சூழ்ந்தது. அமெரிக்க மலையேற்றக் கழகத்திலிருந்து விலகினார். அதே கழகம் 1966இல் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. எண்பது வயதைக் கடந்தும் பாறை ஏறிய அவர் 1988இல் மறைந்தார்.

இவ்வரலாற்றைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம், என் ரெக்கார்டு நோட்டிலும் ஓர் ஆணி இருந்தது. டைட்ரேஷனில் என் அளவுகள் ஒத்துவரவில்லை. பக்கத்து நண்பனைப் பார்த்து ஓர் எண்ணைத் திருத்தி எழுதியிருந்தேன். யாரும் கவனிக்கவில்லை. முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. கை காய்த்துப்போக உழைத்து என்னைப் படிக்க வைக்கும் தந்தையிடம் அதைப் பெருமையோடு சொல்லியும் இருந்தேன்.

மறுநாள் ஆய்வகத்தில் ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். மீண்டும் செய்யச் சொன்னார். செய்தேன், மதிப்பெண் குறைந்தது. அன்று மாலை தந்தையிடமும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, சாப்பிட வா என்று அழைத்தார்.

உயரம் எவ்வளவு என்று உலகம் கேட்கும். எப்படி ஏறினாய் என்று நம் நெஞ்சம் கேட்கும். நண்பர்களே, இரண்டாவது கேள்விக்கும் விடை வைத்திருப்போம்!