அரியணை இல்லாத அடிகளார்

புனிதர்களாகப் போற்றப்படும் பாப்பரசர்களின் வரலாற்றை எடுத்துரைக்கும்போது பெரிய கிரகோரியாரிடத்தில் நான் சற்று நின்றுவிடுவது வழக்கம். 590ஆம் ஆண்டில் உரோமாபுரியைக் கொள்ளைநோய் வாட்டிய வேளையில் பதவியேற்று, பசித்தோர்க்கு உணவளிப்பதைத் தம் கடமையாகக் கொண்டவர் அவர். ஆயினும் அடுத்த கணமே என் நெஞ்சம் எங்கள் மலைநாட்டுக்குத் திரும்பிவிடும். அரியணை ஏதுமின்றி அத்தகைய தொண்டினை இங்கே ஆற்றியவர் யோசேவாஸ் அடிகளார்.

கோவாவில் 1651இல் பிறந்த அவர் 1687இல் இலங்கைக்கு வந்தார். கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலம் அது. எங்கள் மாத்தளை மாவட்டத்து வஹாகோட்டையிற் போலப் போர்த்துக்கேயர் வழிவந்த கத்தோலிக்கர் கண்டியரசின் கீழும் வாழ்ந்தனர். அவர்களுக்கும் குருவானவர் இல்லை. அடிகளார் இரவலர் கோலம் பூண்டு, கழுத்திற் செபமாலை அணிந்து, யாழ்ப்பாணத்து வாயில்தோறும் சென்றார். அம்மாலையைக் கண்டு முகம் மாறியோரைக் கொண்டே தம் மக்களை இனங்கண்டார். தமிழையும் சிங்களத்தையும் கற்றுத் தேர்ந்தார்.

1692இல் கண்டியை அடைந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றரெனக் கருதி, அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் சிறைவைத்தான். பின்னர் வறட்சிக் காலத்தில் அவர் வேண்டுதலால் மழை பெய்ததென்பது மரபு. அம்மழையினும் என்னைக் கவர்வது 1697இல் நிகழ்ந்ததே. அவ்வாண்டு கண்டியில் வைசூரி பரவியது. பெற்றோரையும் பிள்ளைகளையும் காட்டிற் கைவிட்டு மக்கள் ஓடினர். அரசனும் நகர் நீங்கினான். அடிகளாரோ, உறவினரான கர்வாலோ குருவானவருடன் அங்கேயே தங்கினார். நோயாளருக்குக் குடில் அமைத்தார், உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தார். பௌத்தர், கத்தோலிக்கர் என்ற வேற்றுமை அவர் பார்க்கவில்லை. ஒற்றரென்ற ஐயம் அரசன் உள்ளத்திலிருந்து அகன்றது இதனாலேயே என்று நான் கருதுகிறேன். வாதத்தால் வெல்ல இயலாததை ஒரு குவளைக் கஞ்சி வென்றது!

மேற்றிராணியார் பதவி தேடிவந்தபோது அதனை ஏற்க மறுத்தார். பதவியை விட்டாரேயன்றிப் பொறுப்பை விட்டாரல்லர். கோவாவிலிருந்து வந்த குருமாரை நாட்டின் பல திசைகளுக்கும் பகிர்ந்தனுப்பி வழிநடத்தினார். தமிழிலும் சிங்களத்திலும் நூல் பல யாத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அவர்களுள் ஒருவர் என்பதை நம் இலக்கிய மாணவர் பலர் அறியார்.

1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலே உயிர்நீத்தார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995இல் கொழும்பிலே அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ், வழக்கமாகக் கோரப்படும் இரண்டாம் அற்புதத்தை எதிர்பாராமலே, காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். கண்டியில் அவர் உடல் புதைந்த இடம் எதுவென்று இன்று காட்டுவாரில்லை.