பின்வரிசை நாற்காலி

பாட்டு, ஆட்டம், கிதார் மூன்றும் சேர்ந்தது ஸ்பெயின் நாட்டின் ஃபிளமெங்கோ கலை. ஆனால் மாலை பாடகருக்கு, கைதட்டல் ஆடுபவருக்கு, கிதார் மீட்டுபவருக்கோ பின்வரிசையில் ஒரு நாற்காலி! அந்த நாற்காலியை மேடையின் நடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்களுள் முதன்மையான ஒருவரைத் தோழர்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். அவர்தான் சபிகாஸ்.

1912-ல் பாம்ப்லோனா நகரில் ஜிப்சி குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் அகுஸ்தின் காஸ்தெய்யோன். மொச்சை போன்ற ஒரு பயறைச் சிறு வயதில் ஆசையோடு தின்பாராம். அதன் பெயரே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

ஜிப்சிகள் யார்? நூற்றாண்டுக் கணக்கில் ஒதுக்கப்பட்டவர்கள். 1749-ல் அவ்வினத்தாரை ஒட்டுமொத்தமாகச் சிறைபிடிக்க ஆணையிட்டது ஸ்பெயின் அரசு. அந்த இனத்தில் பிறந்த சிறுவன், ஆசான் காலடியில் அமர்ந்து பாடம் கேட்கவில்லை. காதால் கேட்டான், கையால் கண்டான், கலைஞன் ஆனான்.

1936-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. சபிகாஸ் நாட்டைவிட்டு வெளியேறினார். தென் அமெரிக்காவில் ஜிப்சி நடனமணி கார்மென் அமாயாவுக்கு வாசித்தார்; பின்னர் மெக்சிகோ; அதன்பின் நியூயார்க். 1967 வரை தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. மண் பறிபோயிற்று, கலை பறிபோகவில்லை!

தனிக் கிதாருக்கு வழி திறந்தவர் அவருக்கு மூத்தவரான ரமோன் மோந்தோயா. அந்த வழியை உலகப் பெருவழியாக்கியவர் சபிகாஸ். மின்னல் வேகத்தில் விரல் ஓடும். ஆனால் ஒரு சுரம்கூட மங்காது. கட்டைவிரல் ஒன்றே தந்திகளை மேலும் கீழும் அடித்து முழங்கும். பாடகரும் இல்லை, ஆடுபவரும் இல்லை. ஆறு தந்திகளே அரங்கை ஆண்டன.

அறுபதுகளில் பாக்கோ தெ லூசியா என்ற இளைஞர் நியூயார்க்கில் அவர்முன் வாசித்துக் காட்டினார். அருமையான வாசிப்பு, ஆனால் பிறர் இசை. கிதார் கலைஞன் தன் இசையைத் தானே படைக்க வேண்டும் என்று சபிகாஸ் அறிவுறுத்தினார். தன்னைப் போல வாசி என்று சொல்லவில்லை, கவனியுங்கள்! அந்த இளைஞரே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார்.

1990 ஏப்ரல் 14-ல் நியூயார்க்கில் மறைந்த சபிகாஸ், பிறந்த பாம்ப்லோனா மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பின்வரிசை எவர் தலையிலும் எழுதப்பட்டதல்ல. உழைத்த விரல்கள் அதை மாற்றிக் காட்டின. அடுத்தவனையும் தன் காலில் நிற்கச் சொன்னாரே, அதையே அவரது பெரும் சாதனை என்போம் நாம்.