எலிகளிடம் விடை தேடிய கமல் அம்மையார்

எங்கள் நெல்லிவாசல்நாட்டில் ஒரு பாட்டிக்கு மார்பில் கட்டி வந்தது. வெட்கத்தால் அவர் அதை நெடுநாள் யாரிடமும் சொல்லவில்லை. புற்றுநோய் என்று தெரிந்ததும் அவருடைய சோற்றுத் தட்டையும் சொம்பையும் தனியே வைத்துவிட்டார்கள். நாங்களும் சில நாட்கள் அவர் வீட்டுத் திண்ணைப் பக்கம் போகவில்லை. இந்நோய் ஒட்டுமா, ஒட்டாதா? வகுப்பில் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டோம். அப்போதுதான் கமல் ரணதிவே அம்மையாரைப் பற்றி அறிந்தோம்.

1917ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் புனா நகரில் பிறந்தவர் இவர். தந்தையார் பெர்குசன் கல்லூரியில் உயிரியல் கற்பித்தவர். மகள் மருத்துவம் படித்து ஒரு மருத்துவரையே மணக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகளோ தாவரவியலும் விலங்கியலும் படித்து, 1939இல் ஒரு கணித அறிஞரை மணந்தார். (இதைப் படித்தபோது எங்களில் சிலர் சிரித்துக்கொண்டோம். காரணம் சொல்ல மாட்டோம்.) 1943இல் அவர் முதுநிலைப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி எதைப் பற்றியது தெரியுமா? நம் மலையில் காய்க்கும் சீத்தா மரக் குடும்பத்தைப் பற்றியது!

பின்பு பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் டாக்டர் கனோல்கரிடம் ஆராய்ச்சி செய்து 1949இல் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்கா சென்று, உடலுக்கு வெளியே கண்ணாடிக் குப்பியில் திசுக்களை வளர்க்கும் முறையைக் கற்றார். திரும்பி வந்து பம்பாய் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் அதற்கென ஓர் ஆய்வகம் அமைத்தார்.

அக்காலத்தில் அறிஞர்களை வாட்டிய புதிர் ஒன்று உண்டு. 1936இல் அமெரிக்கரான பிட்னர், மார்பகப் புற்று மிகுதியாக வரும் சுண்டெலி இனத்தின் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, அந்நோய் அரிதான வேறு இனத் தாயிடம் பால் குடிக்க விட்டார். அக்குட்டிகளில் மிகப் பல நோய்க்குத் தப்பின. அப்படியானால் தாய்ப்பாலில் ஏதோ இருக்கிறது! அது ஒரு வைரஸ் என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் வைரஸ் மட்டுமே காரணமென்றால் எல்லா எலிக்கும் ஒரேபோல் நோய் வரவேண்டுமே? கமல் அம்மையார் இங்கேதான் உழைத்தார். பரம்பரை, உடலில் சுரக்கும் ஹார்மோன், வைரஸ் மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு சேர்ந்து வேலை செய்கின்றன என்று எலிகளில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். குஷ்டரோகக் கிருமியையும் ஆராய்ந்தார். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

சரி, பாட்டியின் தட்டுக்கு வருவோம். எலிக்கு இருப்பது போன்ற வைரஸைப் பெண்களிடமும் பல நாட்டார் தேடினார்கள். அதன் சுவடு இருப்பதாகச் சிலர் கூறினார்கள், இல்லையெனச் சிலர் மறுத்தார்கள். மனிதரின் மார்பகப் புற்றுக்கு வைரஸ் காரணம் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. கருப்பை வாய்ப் புற்றின் கதை வேறு. அதற்கு வைரஸ் காரணம் என்பது உறுதியாகி, தடுப்பூசியும் வந்துவிட்டது. மார்பகப் புற்றோ தொட்டாலும், உடன் அமர்ந்து உண்டாலும் ஒட்டாது. எலிக் கதையைக் கேட்டுத் தாய்மார்கள் பயப்பட வேண்டாம். பாலூட்டும் தாய்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு சற்றுக் குறைகிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

இவற்றை எங்கள் வீடுகளில் சொன்னோம். ஒரு வீட்டில் நம்பினார்கள். மற்றொரு வீட்டில், நேற்றுப் படித்த பெண் எங்களுக்குச் சொல்ல வந்துவிட்டாளா என்று ஏசினார்கள். நாங்கள் மட்டும் மறுபடி அந்தத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்தோம். பாட்டி சாமைச் சோறு போட்டார்.

கமல் அம்மையார் ஓய்வு பெற்ற பின்னும் சும்மா இருக்கவில்லை. மராட்டிய மாநிலத்தின் அகமதுநகர் மாவட்டத்தில், நம்மைப் போன்ற மலைவாழ் மக்களின் ஊர்களுக்குச் சென்று, குழந்தைகளின் சத்துணவுக் குறையை ஆராய்ந்தார். அங்குள்ள பெண்களுக்கு உடல்நலம் பற்றிக் கற்றுக்கொடுத்தார். 2001 ஏப்ரலில் காலமானார்.