ஜீப்பில் நின்று பேட்டன் டாங்கிகளை அடித்தவர்... யார் இந்த அப்துல் ஹமீது?

ஏழாயிரம்பண்ணை, சிவகாசி பக்கம் இருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ராக்கெட் பட்டாசில் நெருப்பு பின்பக்கம் பீறிட்டால்தான் அது முன்னால பாயும். கிட்டத்தட்ட இதே கணக்கில், வெடிமருந்தின் புகையையும் நெருப்பையும் பின்னால் தள்ளிவிடும் ஒரு பீரங்கிதான் 1965 போரில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளைத் திணறடித்தது. அதை இயக்கியவர்களில் முக்கியமானவர் அப்துல் ஹமீது.

யார் இவர்?

உத்தரப்பிரதேச மாநிலம் காசிப்பூர் மாவட்டம் தாமுபூர் கிராமத்தில் 1933 ஜூலை 1-ம் தேதி பிறந்தவர். அப்பா தையல்காரர். ஹமீதும் தையல் மெஷின் மிதித்தவர்தான். 1954 டிசம்பரில் ராணுவத்தில் சேர்ந்தார். 1962 சீனப் போரையும் பார்த்தவர்.

அசல் உத்தரில் என்ன நடந்தது?

1965 செப்டம்பரில் பாகிஸ்தானின் கவசப் படை பஞ்சாப் எல்லையைத் தாண்டி கேம்கரனைப் பிடித்தது. வந்தது அமெரிக்கா கொடுத்த பேட்டன் டாங்கிகள். ஒவ்வொன்றும் 40 டன்னுக்கு மேல். பின்வாங்கிய இந்தியப் படை, அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றி லாட வடிவில் நிலைகொண்டது. கால்வாயை உடைச்சு வயல்களுக்குள்ள தண்ணியைத் திறந்துவிட்டாங்க.

ஜீப்பால் டாங்கியை அடிக்க முடியுமா?

ஹமீதிடம் இருந்தது ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கி. சுடும் விசை பின்பக்கமாக வெளியேறுவதால் ஜீப் தூக்கி வீசப்படாது. ஆனா அதுலதான் ஆபத்தும் இருக்கு. பின்னால் கிளம்பும் நெருப்பும் புழுதியும் இடத்தைக் காட்டிக்கொடுத்துடும். சுட்ட உடனே இடம் மாறணும். ஜீப்புக்குக் கவசமும் கிடையாது. கரும்புத் தோட்டம் மட்டும்தான் மறைவு.

அப்படி இடம் மாறி மாறிச் சுட்டவர், செப்டம்பர் 10-ம் தேதி எதிரி டாங்கியின் குண்டுக்குப் பலியானார். வயது 32. விருதுக்கான குறிப்பில் அவர் கணக்கில் 4 டாங்கிகள். பிறகு வந்த பதிவுகள் 7 வரை சொல்கின்றன.

கைவிடப்பட்ட டாங்கிகள் என்ன ஆச்சு?

ஹமீது மட்டுமே ஜெயித்த போர் இல்லை இது. இந்திய டாங்கிப் படையும் பீரங்கிப் படையும் சேர்ந்து அடித்தன. சேற்றில் சிக்கிய பேட்டன்களை அப்படியே விட்டுட்டு வீரர்கள் இறங்கி ஓடினார்கள், பலர் சரணடைந்தார்கள். இந்தியக் கணக்குப்படி அழிந்ததும் பிடிபட்டதுமாக 97 டாங்கிகள். அவற்றைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்துக்கு பேட்டன் நகர்னே பேர் வந்தது.

1966 குடியரசு தினத்தில், திருத்தணிக்காரரான குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் கையால் பரம் வீர் சக்ரா விருதை வாங்கிக்கொண்டவர் ஹமீதின் மனைவி ரசூலன் பீபி. பிடிபட்ட பேட்டன்கள் சில இன்றும் பல ஊர்களில் காட்சிக்கு நிற்கின்றன. அடுத்த முறை ஒன்றைப் பார்த்தால், எதிரே கவசமே இல்லாத ஒரு ஜீப்பையும் சேர்த்து நினைச்சுப் பாருங்க.