பேசிக் மொழி தந்த ஜான் கெமெனி

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வீட்டிற்கும் ஓர் எண் உண்டு. கணினியின் நினைவகமும் அப்படித்தான். வரிசையான சிறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண், உள்ளே ஒரு மதிப்பு. பேசிக் மொழியில் 'பீக்' என்ற கட்டளை ஓர் அறையை எட்டிப் பார்த்து, உள்ளே இருக்கும் எண்ணைச் சொல்லும். 'போக்' அங்கே புதிய எண்ணை வைக்கும்.

அந்த பேசிக் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜான் கெமெனி. 1926 மே 31-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகளுக்கு அஞ்சி 1940-இல் குடும்பம் அமெரிக்கா சென்றது. ஊரைவிட்டு வர மறுத்த தாத்தா உயிரிழந்தார். ஆங்கிலம் சரியாகத் தெரியாமல் பள்ளியில் சேர்ந்த சிறுவன், மூன்றே ஆண்டுகளில் முதல் மாணவனாகத் தேறினான்.

பிரின்ஸ்டனில் கணிதம் பயின்ற கெமெனி, ஐன்ஸ்டைனுக்கு உதவியாளராகவும் இருந்தார். 1949-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் டார்ட்மத் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார்.

அந்நாளில் கணினி நிபுணர்களுக்கே உரியதாக இருந்தது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காக நெடுநேரம் காத்திருக்க வேண்டும். எல்லா மாணவரும் கணினியைத் தொட வேண்டும் என்று கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் விரும்பினர். 1964 மே 1 விடியற்காலை 4 மணியளவில் பேசிக் நிரல் முதன்முதலாக ஓடியது. பலர் ஒரே கணினியை ஒரே நேரத்தில் பகிர்ந்துகொண்டனர். அங்கே ஒருவர் மற்றவரின் அறையில் கைவைக்கலாகாது. ஆகவே பீக், போக் அதில் இல்லை.

1970-களில் சிறு கணினிகள் வந்தன. அப்போதுதான் இக்கட்டளைகள் பரவின. பிறகு மைக்ரோகண்ட்ரோலர்களிலும் பேசிக் இடம்பெற்றது. எட்டு பிட் அறையில் 0 முதல் 255 வரை வைக்கலாம். ஒரு முகவரியோடு எட்டு விளக்குகள் இணைந்திருந்தால், 5-ஐ வைத்ததும் முதலாவதும் மூன்றாவதும் எரியும். 5 என்பது 1-உம் 4-உம் சேர்ந்தது அல்லவா? முகவரி தவறினால் நிரலே நின்றுவிடலாம். எனவே சில்லின் கையேட்டைப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

பேசிக் பல வடிவங்களாகச் சிதறியது கெமெனிக்குப் பிடிக்கவில்லை. 1980-களில் கர்ட்ஸுடன் சேர்ந்து 'ட்ரூ பேசிக்' என்ற சீரான வடிவத்தை வெளியிட்டார்.

1970 முதல் 1981 வரை டார்ட்மத்தின் தலைவராக இருந்தார். 1972-இல் பெண்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1992 டிசம்பர் 26-இல் மறைந்தார்.

மாணவர்களே, மொழி தெரியாத நாட்டிற்கு அகதியாக வந்த சிறுவன்தான் கணினியை எல்லாருக்கும் உரியதாக்கினார். தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் அது எட்டாதா என்ன?