நைட்டிங்கேல் அம்மையாரின் பொதுஜன ஊழியம்

பொதுஜன ஊழியம் என்றவுடன் நம்மவரில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது தனி மனிதருடைய கருணையேயாகும். பசித்தோர்க்கு அன்னமிடுதலும், பிணியுற்றோர்க்கு மருந்தளித்தலும் நமது நாட்டில் தொன்றுதொட்டுப் போற்றப்பட்டு வரும் தருமங்கள். அவற்றின் பெருமையைக் குறைத்துப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால், அந்தப் பிணி எங்கிருந்து வந்தது, ஆண்டுதோறும் அதே தெருவில் அதே பிணி தோன்றுவதற்குக் காரணம் யாது, அதைத் தடுக்கும் பொறுப்பு யாரைச் சேர்ந்தது என்று கேட்போர் மிகச் சிலர். கேட்டு, விடை கண்டு, அதிகாரத்திலுள்ளோர் அந்த விடையை ஒப்புக்கொண்டு காரியத்தில் நடத்தும் வரையில் ஓயாதிருந்தோர் அவர்களிலும் சிலர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத் தக்கவர் புளோரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

கையில் விளக்கேந்தி இரவில் நோயாளிகளைப் பார்த்து வந்த உத்தமி என்ற அளவிலேயே அவரை நம்மில் பலர் அறிவோம். அந்தச் சித்திரம் பொய்யன்று. ஆனால், அது அவருடைய தொண்ணூறு வருஷ வாழ்வில் இரண்டு வருஷத்துக்கும் குறைந்த காலத்தைச் சேர்ந்தது. மற்ற வருஷங்களில் அவர் செய்த வேலையே பொது ஊழியத்தில் இறங்கியுள்ளோர்க்கு அதிகப் பயன் தரக்கூடியது.

அம்மையார் 1820-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி இத்தாலி தேசத்துப் புளோரென்ஸ் நகரில், ஆங்கிலப் பெற்றோர்க்குப் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் அவருக்கு இட்டனர். தந்தையார் பெருஞ் செல்வர், கல்வியில் நாட்டமுள்ளவர். தாமே ஆசிரியராக இருந்து தம் புதல்வியர் இருவருக்கும் கிரேக்கம், லத்தீன், சரித்திரம் முதலியவற்றைக் கற்பித்தார். இளையவருக்கோ கணிதத்தின் மீதே தீராத ஆசை. செல்வக் குடும்பத்துப் பெண்ணுக்கு அக்காலத்தில் விதிக்கப்பட்டிருந்த வாழ்வு விருந்து, சங்கீதம், விவாகம் என்ற மூன்றுக்குள் அடங்கியது. அது தமக்கு உரியதன்று என்றும், ஆண்டவன் தம்மை ஏதோ ஒரு தொண்டுக்கு அழைக்கிறான் என்றும் பதினாறு வயதிலேயே அவர் உணர்ந்தார். பிணியாளரைப் பேணுவதே அத்தொண்டு என்று பின்னர்த் தெளிந்தார்.

குடும்பத்தார் திடுக்கிட்டனர். அந்நாளில் ஆஸ்பத்திரித் தாதி என்றால் குடியும் ஒழுக்கக் கேடும் உள்ளவள் என்பதே ஊராரின் எண்ணம். தாயாரும் தமக்கையாரும் தடுத்தனர். அம்மையார் எதிர்த்து வீட்டை விட்டு ஓடவில்லை, மனம் தளரவுமில்லை. வைகறையில் எழுந்து, வீட்டார் விழிக்குமுன், சர்க்கார் வெளியிட்ட சுகாதார அறிக்கைகளையும் ஆஸ்பத்திரிக் கணக்குகளையும் வாசித்துக் குறிப்புகள் எழுதி வைத்தார். பல வருஷங்கள் இவ்வாறு கழிந்தன. விரும்பி வந்த வரனையும் மறுத்தார். 1851-ம் வருஷம் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரிலிருந்த கிறிஸ்தவத் தொண்டு ஸ்தாபனத்தில் மூன்று மாதம் தங்கிப் பயிற்சி பெற்றார். 1853-ல் லண்டனில் நோயுற்ற பெண்மணிகளுக்காக நன்கொடையால் நடந்து வந்த ஒரு சிறு வைத்தியசாலையின் தலைமையை ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

மறு வருஷம் இங்கிலாந்து கிரிமியா யுத்தத்தில் இறங்கிற்று. காயமுற்ற ஆங்கிலச் சிப்பாய்கள் கருங்கடலைக் கடந்து, கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்குடாரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே கட்டுக் கட்டத் துணியும் இல்லை, கவனிக்க ஆளும் இல்லை என்ற செய்தியை டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. இங்கிலாந்து கொதித்தது. யுத்த மந்திரிகளுள் ஒருவராயிருந்த ஸிட்னி ஹெர்பர்ட் என்பவர் அம்மையாரின் நண்பர். அவர் வேண்ட, முப்பத்தெட்டுப் பெண்களுடன் அம்மையார் புறப்பட்டு, 1854 நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஸ்குடாரியை அடைந்தார்.

அங்கே அவர் கண்டது வறுமையன்று; ஒழுங்கீனம். சட்டைகள் வந்திறங்கியும், அவற்றைப் பார்வையிட்டு ஒப்புக்கொள்ள வேண்டிய அதிகாரிகள் கூடாமையால், மூட்டைகள் அவிழ்க்கப்படாமலே கிடந்தன. ஒவ்வோர் உத்தியோகஸ்தரும் தம் விதியைக் காட்டினார்; நோயாளிக்குப் பொறுப்பாளி ஒருவரும் இல்லை. அம்மையார் கையில் தம் சொந்தப் பணமும், டைம்ஸ் பத்திரிகை வாசகர்கள் அனுப்பிய நிதியும் இருந்தன. அவற்றைக் கொண்டு சட்டை, சோப்பு, தட்டு, கரண்டி, மேஜை முதலியவற்றைக் கடைவீதியில் வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொப்பரைகள் வைத்து, சிப்பாய்களின் மனைவியரை அமர்த்தித் துணி வெளுக்கச் செய்தார். இடிந்து கிடந்த வார்டுகளைச் சர்க்கார் உத்தரவுக்குக் காத்திராமல் ஆட்களை வைத்துச் செப்பனிட்டார். செலவைச் சர்க்கார் பின்னர் ஒப்புக்கொண்டது. இவ்வளவு துணிந்தவர் மற்றொரு விஷயத்தில் மிகுந்த அடக்கம் காட்டினார். வைத்தியர்கள் அழைத்தாலன்றித் தம் தாதிகள் எந்த நோயாளியையும் தொடக்கூடாதென்று கட்டளையிட்டார். உத்தியோகஸ்தரைப் பகைத்துக்கொண்டு உத்தியோக ஸ்தாபனத்தைத் திருத்த முடியாதென்பதை அவர் அறிந்திருந்தார்.

இனி நாம் கூறப்போவது அவருடைய புகழ் பாடுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி. இத்தனை கருணையும் உழைப்பும் நிறைந்திருந்த அந்த ஆஸ்பத்திரியில், அக் குளிர்காலத்தில், மரணம் குறையவில்லை; ஏறிற்று. 1855 பிப்ரவரி மாதத்தில் சிகிச்சைக்கு வந்தவரில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். அவர்களில் பலரைக் கொன்றது குண்டுமன்று, வாளுமன்று. பேதியும் விஷ ஜுரமும். கட்டிடத்தின் அடியில் மலஜலம் தேங்கிய சாக்கடைகள் நாறின. குடிநீர் கெட்டிருந்தது. ஜன்னல்களில் காற்றோட்டம் இல்லை. மார்ச் மாதத்தில் பிரதம மந்திரி பாமர்ஸ்டன் பிரபுவின் சர்க்கார் ஒரு சுகாதாரக் கமிஷனை முழு அதிகாரத்துடன் அனுப்பிற்று. அவர்கள் சாக்கடைகளைக் கழுவினர். செத்த பிராணிகளையும் குப்பையையும் வண்டி வண்டியாக அகற்றினர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். காற்றுக்கு வழி திறந்தனர். ஜூன் மாதத்துக்குள் மரணம் நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கிற்று.

யுத்தம் முடிந்து 1856 ஆகஸ்டில் தாய்நாடு திரும்பிய அம்மையார், ஊர்வலங்களுக்கும் வரவேற்புகளுக்கும் இடங்கொடாமல், வேறு பெயரில் பிரயாணம் செய்து வீடு சேர்ந்தார். பிறகு, ஜனன மரணக் கணக்கில் வல்லவரான வில்லியம் பார் என்ற அறிஞரின் துணையோடு ஸ்குடாரி கணக்குகளை ஆராய்ந்தார். தமது ஆஸ்பத்திரியையும் அவர் தப்பவிடவில்லை. தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டவர் எத்தனை பேர், காயத்தால் மாண்டவர் எத்தனை பேர் என்பதை மாதவாரியாகப் பிரித்து, வர்ணம் தீட்டிய வட்டப் படங்களாக வரைந்து வெளியிட்டார். எண்களைப் படிக்கப் பொறுமையில்லாத மந்திரிகளும் படத்தைப் பார்த்துத் தலைகுனிய வேண்டியிருந்தது. யுத்தமே இல்லாத காலத்தில், உள்நாட்டுப் பாசறைகளில் வாழ்ந்த வாலிபச் சிப்பாய்கள் அதே வயதுள்ள குடிமக்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வீதத்தில் சாகிறார்கள் என்பதையும் அவர் நிரூபித்தார். 1857-ல் ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. பெண்ணாகையால் அம்மையார் அதில் அங்கத்தினராக அமர இயலவில்லை. எழுத்து மூலமாகவே சாக்ஷியம் அளித்தார். ஆயினும் கமிஷனுக்குத் தேவையான விவரங்களில் பெரும்பகுதி அவர் மேஜையிலிருந்தே போயிற்று. பாசறைகள் திருத்தப்பட்டன; ராணுவ வைத்தியக் கல்லூரியும், ராணுவ மரணக் கணக்கு இலாகாவும் தோன்றின. 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் முதன்முதலாக ஒரு பெண்ணை அங்கத்தினராக ஏற்றது, அப்பெண் இவரே.

நன்றியுள்ள ஜனங்கள் அவர் பெயரால் ஏறக்குறைய 45,000 பவுன் நிதி திரட்டியிருந்தனர். சிப்பாய்கள் தங்கள் ஒரு நாள் சம்பளத்தை அதற்கு ஈந்தனர். அம்மையார் அப்பணத்தில் தமக்கென மாளிகையோ சிலையோ எழுப்பவில்லை. 1860-ம் வருஷம் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதிகளைப் பயிற்றும் பள்ளியொன்றை நிறுவச் செய்தார். அதில் தேறியவர்கள் பிற நகரங்களுக்கும் பிற நாடுகளுக்கும் சென்று புதுப் பள்ளிகளை நிறுவினர்.

தர்ம ஸ்தாபனமும் சர்க்காரும் எவ்வாறு கைகோத்து நடக்க வேண்டுமென்பதற்கு லிவர்பூல் நகரத்து வரலாறு சிறந்த சான்று. அங்கே ஏழைகளின் வரிப் பணத்தில் நடந்த விடுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் கிடந்தனர். அவர்களைக் கவனித்தவர் அதே விடுதியில் அடைக்கலம் புகுந்த பிற ஏழைகளே. வில்லியம் ராத்போன் என்னும் வர்த்தகர் இந்நிலை கண்டு வருந்தி அம்மையாருக்கு எழுதினார். பயிற்சி பெற்ற தாதிகளை அனுப்பினால் மூன்று வருஷச் செலவைத் தாமே ஏற்பதாக ஒப்பினார். 1865-ல் ஆக்னெஸ் ஜோன்ஸ் என்ற பெண்மணி பன்னிரண்டு தாதிகளுடன் அங்கே சென்றார். வேலை பலித்தது. உழைப்பின் மிகுதியால் நலிந்த அவ்வம்மை 1868-ல் ஜுரங் கண்டு, முப்பத்தைந்தாவது வயதில் உயிர் நீத்தார். ஆனால் அவர் தொடங்கிய ஏற்பாட்டை அதற்குள் விடுதி அதிகாரிகள் தங்கள் சொந்தப் பொறுப்பாக ஏற்றுக்கொண்டிருந்தனர்.

அம்மையார் ஒரு நகரத்தோடு நிற்கவில்லை. ஏழையாயினும் நோயாளி நோயாளியே. அவனுடைய சிகிச்சை அவ்வப் பேட்டையின் பிச்சைக் கணக்கைச் சார்ந்திராமல், நகர முழுவதற்கும் பொதுவான வரியிலிருந்து நடைபெற வேண்டும் என்று மந்திரிகளை இடைவிடாது வற்புறுத்தினார். அவர் கேட்டதனைத்தும் கிடைக்கவில்லை. ஆயினும் 1867-ல் லண்டன் நகர ஏழைகள் சட்டம் நிறைவேறி, பொது நிதியும், நோயாளிகளுக்கெனத் தனி ஆஸ்பத்திரிகளும், அவற்றை நடத்த ஒரு பொதுச் சபையும் ஏற்பட்டன. ஏழைகளின் வீடு தேடிச் சென்று மருத்துவப் பணி செய்யும் தாதிகளை ராத்போன் 1859-லேயே லிவர்பூலில் தொடங்கி வைத்தார். 1887-ல் விக்டோரியா ராணியின் ஜூபிலி நிதியால் அது தேசமெங்கும் பரவலாயிற்று. தனியார் சோதித்துக் காட்டினர். பொது அதிகாரம் அதனைச் சட்டமாக்கி நிலைநிறுத்தியது. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்பட்டிராது.

இந்தியாவுக்கும் அம்மையாருக்கும் உள்ள தொடர்பை நம்மவர் மறத்தலாகாது. அவர் இம்மண்ணை ஒரு நாளும் மிதித்ததில்லை. ஆயினும் 1859-ல் இந்திய ராணுவச் சுகாதாரத்தை விசாரிக்க நியமிக்கப்பட்ட ராயல் கமிஷனுக்காக, இந்நாட்டு ராணுவ நிலையங்களுக்கெல்லாம் கேள்விப் பத்திரங்கள் அனுப்பி, வந்த விடைகளைத் தாமே பகுத்தார். வெள்ளைச் சிப்பாய்களில் ஆயிரத்துக்கு 69 பேர் வருஷந்தோறும் மாண்டனர் என்று 1863-ல் வெளிவந்த அறிக்கை காட்டிற்று. மறு வருஷம் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. ஆட்சியாளரின் கவலை சிப்பாயின் உயிரோடு நின்றது. அம்மையாரின் கவலை அங்கே நிற்கவில்லை. பாசறையைச் சுற்றியுள்ள ஜனங்கள் கெட்ட நீர் குடிக்கும்போது பாசறை மட்டும் சுகமாயிராது என்று தொடங்கியவர், பின்னர் ஜனங்களின் சுகத்தை அவர்கள் பொருட்டே வேண்டலானார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் அவர் நெஞ்சை உலுக்கியது. நீர்ப்பாசனத்தை விரிவாக்க வேண்டுமென்று ஸர் ஆர்தர் காட்டனோடு சேர்ந்து வாதாடினார். குடியானவரின் கடன் சுமையையும் ஜமீன் கொடுமையையும் பற்றி எழுதினார். ரிப்பன் பிரபுவின் ஸ்தல சுயாட்சிச் சீர்திருத்தத்தை மனமார ஆதரித்தார். ஜனங்கள் தாமே பங்கெடுக்காத சுகாதாரம் நிலைக்காது என்பதை அவர் முதுமையில் நன்கு கண்டிருந்தார். ஆகவே இந்தியக் கிராமங்களில் சுகாதார உபந்நியாசங்கள் அவரவர் தாய்மொழியில் நடைபெற வேண்டுமென்று விரும்பினார்.

குறையில்லாத மனிதர் இல்லை. நோய் கிருமிகளால் பரவுகிறதென்ற புதிய சாஸ்திரத்தை அம்மையார் வெகு காலம் ஒப்பவில்லை. தாதிகளைச் சர்க்கார் பதிவு செய்ய வேண்டுமென்ற கிளர்ச்சியை எதிர்த்தார். அவர் காலத்துக்குப் பின், 1919-ல், அது சட்டமாயிற்று. உடனுழைத்தவர்களிடம் இரக்கமின்றி வேலை வாங்கினார் என்பதும் உண்மையே. ஆனால் அவர் தம்மிடமும் இரக்கம் காட்டவில்லை. கிரிமியாவில் கண்ட ஜுரத்தின் பின் தேகம் குலைந்து, நெடுங்காலம் அறையைவிட்டு வெளிவராமல், கடிதங்களாலேயே மந்திரிகளையும் வைஸ்ராய்களையும் இயக்கினார். 1907-ல் ஆர்டர் ஆப் மெரிட் விருது பெற்ற முதற் பெண்மணியானார். 1910 ஆகஸ்ட் 13-ந் தேதி, தொண்ணூறாவது வயதில், தேக வியோகமடைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் கோயிலில் அடக்கம் செய்யும் பெருமை அவர் விருப்பத்தின்படி மறுக்கப்பட்டது. பெற்றோர் அருகில், பெயரின் முதலெழுத்துக்களும் பிறந்த, மறைந்த காலங்களும் மட்டும் பொறித்த கல்லின் கீழ் அவர் உறங்குகிறார்.

இச்சரித்திரத்தில் பொது ஊழியர் கற்க வேண்டியது யாது? விஷ ஜுரம் வந்த பின் கஞ்சி ஊற்றுவது தருமம், அது வேண்டியதே. ஆனால் சங்கம் நடத்துவோர் அத்துடன் தங்கள் கடமை தீர்ந்ததென்று எண்ணலாகாது. தெருவில் மாண்டவர் எத்தனை பேர், எதனால் மாண்டனர் என்ற கணக்கை எழுதி வைக்க வேண்டும். அக்கணக்கைக் கையில் ஏந்தி நகரசபையின் வாயிலில் நிற்க வேண்டும். செய்யத் தக்கதைச் சிறிய அளவில் தாமே செய்து காட்ட வேண்டும். காட்டிய பின், அதைப் பொது அதிகாரம் ஏற்று நடத்தும் வரையில் விடலாகாது. நகரசபையாரும், தருமம் செய்வோர் இருக்கிறார்களே என்று தங்கள் பொறுப்பை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு உறங்கலாகாது. ஸ்குடாரியில் மரணத்தை வென்றது கருணை மட்டுமன்று, அதிகாரம் மட்டுமன்று. இரண்டும் கூடிய பின்னரே சாக்கடை சுத்தமாயிற்று, சிப்பாய் பிழைத்தான்.