அங்கன்வாடி கண்ட தாராபாய் மோடக்

கள்ளக்குறிச்சி வட்டாரச் சேரிகளிலும் கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் ‘பால்வாடி’ என்னும் சொல்லை அறியாதார் இலர். பால் கொடுக்கும் இடம் என்றே நம் பெரியோர் பலர் அதற்குப் பொருள் கொண்டனர். மராத்தியில் ‘பால்’ என்பது குழந்தை. ‘வாடி’ என்பது தோட்டம். அத்தோட்டத்தை ஏழையின் வாசலுக்குக் கொணர்ந்த தாராபாய் மோடக் அம்மையாரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

அம்மையார் 1892-ஆம் ஆண்டு பம்பாயில், சீர்திருத்த எண்ணம் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். பெண்கள் கல்லூரிக்குச் செல்வது அரிதாயிருந்த அக்காலத்தில், 1914-இல் பட்டம் பெற்றார். 1923-இல் பாவநகர் சென்று, கிஜுபாய் பதேகாவுடன் குழந்தைக் கல்விப் பணியில் இணைந்தார். மாண்டிசோரி அம்மையாரின் முறையை இந்தியச் சூழலுக்கு ஏற்ப இருவரும் மாற்றியமைத்தனர். 1926-இல் நூதன பால சிட்சண சங்கம் தோன்றியது.

ஆயினும் இக்கல்வி நகரத்து வசதி படைத்தோர் வீட்டுக் குழந்தைகளோடு நின்றுவிட்டது. அதற்கான கருவிகளோ விலை மிக்கவை. இக்குறையை உணர்ந்த அம்மையார் 1945-இல் போர்டி என்னும் கடலோரச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். இளமையிலேயே கைம்மை எய்திய அனுதாய் வாக் அவருக்குத் துணையானார்.

பால்வாடி திறந்தாயிற்று; சேரிக் குழந்தைகள் வரவில்லை. பெற்றோர் விடியலிலேயே கூலிக்குச் செல்வர். மூத்த பெண் தம்பியை இடுப்பில் சுமந்து நிற்பாள். வேறொருவராயின் பெற்றோரின் அறியாமையைப் பழித்திருப்பார். அம்மையாரோ பள்ளியையே சேரியின் முற்றத்திற்குக் கொண்டு சென்றார். ‘அங்கன்’ என்றால் முற்றம். அங்கன்வாடி பிறந்த கதை இதுவே. உயர்குடியில் பிறந்த ஒருவர் அந்நாளில் சேரி முற்றத்தில் அமர்ந்ததை நாம் சிறிதாக எண்ணலாகாது.

அங்கு விலையுயர்ந்த கருவிகள் இல்லை. கிளிஞ்சலும் கூழாங்கல்லும் விதையும் இலையுமே பாடப் பொருள்கள். பெரிய விதை, சிறிய விதை எனக் குழந்தை பிரித்து வைக்கும்போதே கணக்கும் ஒப்புநோக்கும் அறிவில் வேர்கொள்கின்றன. ஆறு வயதிற்குள் மனித மூளை ஏறத்தாழ 90 விழுக்காடு வளர்ச்சியை எய்திவிடுகிறது. அவ்வயதில் இரும்புச் சத்துக் குறைந்தால் கவனம் தளரும். பேச்சுக் கேளாத குழந்தைக்குச் சொல்வளம் குன்றும். அச்சத்தில் வளர்வது கேள்வி கேட்கத் தயங்கும். சோறும் பாட்டும் விளையாட்டும் அன்பும் ஒருங்கே வேண்டும். நம்மவர் பலர் முட்டை கிடைத்ததா என்று மட்டும் கேட்டு அமைதி கொள்கின்றனர். இன்று குழந்தை என்ன விளையாடியது என்றும் கேட்டல் நன்று.

1950-களின் பிற்பகுதியில் அம்மையாரின் பணி வார்லிப் பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கே கைக்குழந்தைக் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தில் அமைந்தன. தம்பியைக் காப்பகத்தில் விட்டு அக்காள் வகுப்பிற்குச் செல்லலாம். மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடந்தது. மரவள்ளிக் காட்டு வேலைக்குத் தாய்மார் செல்லும் நம் மலையூர்களுக்கு இதனினும் பொருத்தமான ஏற்பாட்டை நாம் கண்டதில்லை.

1962-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார் 1973-இல் மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்து, 1975 அக்டோபர் 2-ஆம் நாள், நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு அங்கன்வாடி என்னும் பெயரே நிலைத்தது. கோஸ்பாட் பணியை அனுதாய் வாக் 1992-இல் தாம் மறையும் வரை நடத்தி வந்தார்.